கறுவாத்தோட்டத்து இருட்டறை

கொழும்பு 7, கறுவாத்தோட்டம், கில்ஃபர்ட் கிரசன்ட்டில் இன்று ஒரு நாடக அரங்கு இருக்கிறது. 600-க்கும் மேற்பட்ட இருக்கைகள், பக்கத்திலேயே ஓவியக் காட்சிக்கூடம். சிங்கள நாடகமும் ஆங்கில நாடகமும் அங்கே நடக்கின்றன. தமிழ் நாடகங்களும் மேடையேறியிருக்கின்றன. ‘வென்டில் நாடகம்’ என்றால் கொழும்பில் யாருக்கும் வழி சொல்லவேண்டியதில்லை. அந்தப் பெயருக்கு உரிய லயனல் வென்ட் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் மட்டும், அங்கே உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களில் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். 1953 டிசம்பரில் அரங்கு திறக்கப்படுவதற்கு முன் அந்த மண்ணில் ‘அல்பொராடா’ என்ற வீடு இருந்தது. வென்ட் அங்கேதான் வாழ்ந்தார், பியானோ வாசித்தார், நண்பர்களைக் கூட்டி விடிய விடியப் பேசினார். அவர் விட்டுச் சென்ற படங்களில் ஒரு கணிசமான பங்கு, இலங்கை ஆண்களின் ஆடையற்ற உடல்.

வென்ட் 1900 டிசம்பரில் கொழும்பில் பிறந்தார். தந்தை ஹென்றி லோரன்ஸ் வென்ட், பறங்கியர், உச்ச நீதிமன்ற நீதியரசர். தாய் அமேலியா டி சேரம், சிங்களவர். 1919-இல் இங்கிலாந்து போய்ச் சட்டத்தையும் பியானோவையும் ஒருசேரப் படித்து 1924-இல் திரும்பி வந்தார். வக்கீல் கோட்டு அவருக்கு ஒத்துவரவில்லை. சீக்கிரமே கழற்றிவிட்டுப் பியானோவில் முழுமூச்சாக இறங்கினார். கேமராவைக் கையில் எடுத்தது 1930-களின் தொடக்கத்தில். 1944 டிசம்பரில், 44 வயதில், இறந்துபோனார். இடையில் கிடைத்தது சுமார் 12 ஆண்டுகள். இன்று ஒரு புகைப்படக்காரர் தன் பெயரை நாலு பேர் அறியச் செய்வதற்கே அவ்வளவு காலம் பிடிக்கிறது. அந்த 12 ஆண்டுகளில் அவர் நண்பர்களோடு சேர்ந்து இலங்கைப் புகைப்படச் சங்கத்தை உருவாக்கினார். 1934-இல் பேசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தார். 1938-இல் லண்டன் கேமரா கிளப்பில் தனிக் கண்காட்சி வைத்தார். 1943 ஆகஸ்டில் ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல போன்ற ஓவியர்களைத் தன் வீட்டில் கூட்டி ‘43 குரூப்’ என்ற கலைஞர் அமைப்பு பிறக்கக் காரணமானார். கண்டி நடனக் கலைஞர்களுக்கும் துணை நின்றார்.

அவருக்கு முன் இலங்கையில் கேமரா யார் கையில் இருந்தது, எதை நோக்கித் திரும்பியிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் இலங்கைக்கு வந்தார், 1879-இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கிலாந்தில் கவிஞர் டென்னிசனையும் அறிஞர் டார்வினையும் எடுத்த கை அது. இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத்து மக்கள் இருக்கிறார்கள். டென்னிசன் படம் டென்னிசன் பெயரோடு நிற்கிறது. தோட்டத்துப் பெண்ணின் படம் பெயரில்லாமல் நிற்கிறது. கொழும்பு ஸ்டூடியோக்கள், பிளாட்டே, ஸ்கீன் போன்றவை, கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்குத் தபால் அட்டை அச்சிட்டு விற்றன. தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள், கள் இறக்குபவன், மார்மறைக்காத ரொடிய சாதிப் பெண் என்று அட்டைக்கு அட்டை ஒரு ‘வகை’. மாநிற உடல் என்றால் கேமராவுக்கு அன்று சரக்கு. ஆடை குறைந்திருந்தால் கூடுதலாக விலைபோகும் சரக்கு. அதில் யாரும் ஆபாசம் காணவில்லை; காலனிக் கண்ணுக்கு அது தாவரத்தையும் விலங்கையும் படமெடுப்பதைப் போல ஒரு காரியம்.

அந்தச் சூழலில்தான் வென்ட் ரோலிஃப்ளெக்ஸையும் லைக்காவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கோயில், புத்தர் சிலை, கடற்கரை, வலை இழுக்கும் மீனவர், வயல், காடு, மழை, நிழல் விழுந்த முற்றம் எல்லாம் எடுத்தார். கூடவே இளைஞர்களை, சிலரைக் கோவணத்தோடு, சிலரை ஒன்றும் இல்லாமல் எடுத்தார். தபால் அட்டைக்காரர் கேமராவை நேரே வைத்து, ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, பின்னால் ஒரு வாழைமரத்தையும் வைத்துப் படம் பிடித்தார். வென்ட் ஒரு பக்கமிருந்து வெளிச்சத்தை விட்டார். தோள்பட்டையில் பட்ட ஒளி முதுகின் நடுப்பள்ளத்தில் இறங்கி இடுப்பில் மறையும். முகம் பல படங்களில் திரும்பியிருக்கும், அல்லது நிழலுக்குள் போயிருக்கும். வண்டி இழுத்தும் வலை இழுத்தும் உருவான உடல்கள் அவை. பழைய கிரேக்கச் சிற்பத்துக்குக் கொடுக்கும் கவனத்தை அவர் அந்த உடல்களுக்குக் கொடுத்தார்.

இருட்டறையில் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அவருக்குப் பிடித்த முறைகளில் ஒன்று சோலரைசேஷன். பாரிஸில் புகைப்படக் கலைஞர்கள் மான் ரேயும் லீ மில்லரும் 1929 வாக்கில் பிரபலப்படுத்திய முறை. நெகடிவ் டெவலப்பரில் பாதி வந்துகொண்டிருக்கும்போது, இருட்டறை விளக்கை ஒரு கணம் போட்டு அணைத்துவிடுவது. சாதாரணமாக அப்படிச் செய்தால் படம் பாழ். ஆனால் கணம் சரியாக விழுந்தால், அதுவரை தெளிவாக இருந்த பகுதிகள் கறுக்கத் தொடங்கும். ஏற்கெனவே கறுத்த இடத்துக்கும் புதிதாகக் கறுக்கும் இடத்துக்கும் நடுவே புரோமைடு சேர்ந்து வேலையைத் தடுப்பதால், ஒரு மெல்லிய கோடு மட்டும் கறுக்காமல் நின்றுபோகும். நெகடிவில் தெளிந்து நிற்கும் அந்தக் கோடு, பிரிண்ட் போடும்போது கறுத்து விழும். தோளையும் கையையும் சுற்றி யாரோ பென்சிலால் வரைந்ததைப்போல் ஒரு விளிம்பு வரும். டெவலப்பர் கரைசல் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கவேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஆண்டு முழுவதும் அதைவிடச் சூடு. தட்டைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்விப்பது வெப்பநாட்டு இருட்டறைகளின் அன்றாடப் பாடு. ரோலிஃப்ளெக்ஸில் ஒரு ரோலுக்கு 12 படங்கள்; லைக்காவில் 36. ஒன்று கெட்டால் கெட்டதுதான். திரும்ப எடுக்க அந்த ஆளும் அந்த வெயிலும் மறுபடி கூடிவரவேண்டும்.

இன்று கைப்பேசியில் அந்த விளிம்புக் கோட்டை ஒரு தட்டலில் வரவழைக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தட்டலில் நீக்கலாம். ஒரே நிமிடத்தில் நூறு படம் எடுத்து, 99-ஐ அழித்துவிட்டு, செலவில்லாமல் வீடு திரும்பலாம். இது சிறிய பேறு என்று நான் சொல்லமாட்டேன். நீதியரசர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கட்டுப்படியான கலை, இன்று வலை இழுப்பவரின் பிள்ளைக்கும் எட்டும். வென்டின் கேமராவுக்கு முன் நிற்க மட்டுமே முடிந்தவரின் பேரன், இன்று கேமராவுக்குப் பின்னால் நிற்கிறான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்தப் பழைய இருட்டறைகள் மூடப்பட்டதை ஏற்றுக்கொள்ளலாம். போனது, காத்திருப்பு. தட்டில் மிதக்கும் தாளில் உருவம் மெல்ல எழும்பி வருவதை முகம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஓர் உடலை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது தெரிந்திருந்தது.

தோல் நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வென்டின் படங்களில் கறுத்த மேனி கறுத்தே இருக்கிறது. அதை வெளுக்கவைக்க அவர் முயலவில்லை. கறுப்புக்குள்ளேயே எத்தனை படிகள் இருக்கின்றன என்று தேடினார். நெற்றியின் கறுப்பு வேறு, கழுத்தின் கறுப்பு வேறு, வியர்த்த முதுகின் கறுப்பு வேறு. அவருக்குப் பின் வந்த வண்ணப் படக் காலத்தில், கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய நிறம் ஒப்பிடும் அட்டையில் பல்லாண்டு காலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. நம் வீட்டுப் பழைய கலர் ஆல்பங்களில் மாமாவின் முகம் தெரியாமல் சட்டை மட்டும் பளிச்சென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2021-இல்தான் கூகுள் தன் பிக்சல் கைப்பேசியில் கறுத்த தோலைச் சரியாகக் காட்ட ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டைப் பெரிதாக அறிவித்தது. இதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே கொழும்பில் ஒருவர் கையாலேயே அதைச் செய்து முடித்திருந்தார். இன்றும் நம் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் இரண்டு மூன்று படி வெளுக்கவைத்துத்தான் தருகிறார்கள். நாமும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். கருவி முன்னேறியிருக்கிறது. கண் இன்னும் அந்தப் பழைய அட்டையிலேயே நிற்கிறது.

ஆணின் நிர்வாணம் நம் மண்ணுக்குப் புதியது என்று யாரும் சொல்லமுடியாது. திருவெண்காட்டுப் பிட்சாடனர் செப்புத் திருமேனி, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை, தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. இடையில் துணி இல்லை, பாம்பு மட்டும். பிச்சையேற்க வந்த அந்தச் சிவனைக் கண்டு தாருகாவனத்து முனிபத்தினியர் மனம் கலங்கினார்கள் என்று கதை சொல்கிறதே தவிர, சிற்பி மேல் வழக்குப் போட்டார்கள் என்று சொல்லவில்லை. வயலிலும் பனையிலும் கடலிலும் ஆண்கள் கோவணத்தோடு வேலை செய்வதை எல்லோரும் பார்த்தே வளர்ந்தார்கள். ஆங்கிலேயர் 1883-இல் இலங்கைக்குக் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கின. 1927-இல் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டமும் வந்து சேர்ந்தது. வென்ட் படமெடுத்தது இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே. வென்ட் ஆண்களை விரும்பியவர் என்று இன்று ஆய்வாளர்கள் வெளிப்படையாக எழுதுகிறார்கள். அவர் வாழ்ந்த கொழும்பில் அதைப் பேச மொழியும் இல்லை, துணிவுக்கு இடமும் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்; கேட்கக்கூடாததை யாரும் கேட்பதில்லை. அந்தக் கறுவாத்தோட்டத்தின் மௌனத்தை நாவலாகப் படிக்க விரும்புகிறவர்கள், கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை 1998-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘சினமன் கார்டன்ஸ்’ நாவலைத் தேடலாம். 1920-களின் தமிழ்க் குடும்பம் ஒன்று, வெளியே சொல்லமுடியாத அன்பு ஒன்று.

அதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை எப்படி? 1915-இல் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற பெண், தன் கணவரை ரெய்னியர் மலையில் ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்து வெளியிட்டு வசை வாங்கினார். நியூயார்க்கின் ஜார்ஜ் பிளாட் லைன்ஸ், வென்டை விட ஆறு வயது இளையவர், பகலில் ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படமெடுத்தார். தன் உயிராகக் கருதிய ஆணுடல் படங்களை மறைத்து வைத்தார். அவற்றை அவர் வெளியிட நேர்ந்தபோது ஒரு சுவிஸ் பத்திரிகையில் புனைபெயரில் வெளியிட்டார். 1955-இல் சாவதற்கு முன் தன் நெகடிவ்களில் பலவற்றைத் தானே அழித்தார். எஞ்சியவற்றில் பல பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சியின் நிறுவனத்துக்குப் போய்ப் பிழைத்தன. பெயர் பெற்ற நியூயார்க்காரரே அப்படி ஒளித்து வைத்த காலத்தில், கொழும்பு வென்ட் தன் ஆணுடல் படங்களைத் தன் மற்றப் படங்களோடு ஒன்றாகவே கருதினார். அவர் இறந்தபின் நண்பர் பெர்னார்ட் தோர்ன்லியின் முயற்சியில் 1950-இல் லண்டனில் வெளிவந்த ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ நூலில், கடற்கரையும் கோயிலும் இருக்கும் அதே வரிசையில் அந்த உடல்களும் இருக்கின்றன. இதை நான் பெரிய துணிவாகவே மதிக்கிறேன். அவருடைய குலமும் குடும்பமும் அந்தத் துணிவுக்குக் காப்பாக இருந்தன என்பதும் சேர்ந்த உண்மை. அதே படத்தை ஒரு வலைகாரர் வீட்டுப் பிள்ளை எடுத்திருந்தால், பார்த்தவர்கள் கலை என்று சொல்லியிருப்பார்களா?

அன்று அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் சில நூறு பேர்: சங்க உறுப்பினர்கள், 43 குரூப் நண்பர்கள், லண்டனில் கேமரா கிளப்புக்கு வந்தவர்கள். இன்று அவை உலகம் சுற்றுகின்றன. 2000-இல் கொழும்பில் நூற்றாண்டு நினைவுத் தொகுப்பு வந்தது. 2017-இல் ஏதென்ஸிலும் காசலிலும் நடந்த டாக்யுமென்டா 14 கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் ஹூயிஸ் மார்செய் புகைப்பட அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்தது. கொழும்பிலும் சூழல் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019-இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் குறிப்புகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைக்கிறது. 43 குரூப்பின் காலத்தில் கலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை.

ஆனாலும் இன்று எல்லாம் தடையில்லாமல் நடக்கிறது என்று நினைத்துவிடவேண்டாம். அன்று படத்தைத் தடுக்க ஒரு காவல் அதிகாரியோ நீதிபதியோ வேண்டும், அவரோடு வாதாடலாம். இன்று சமூக வலைத்தளத்தில் படத்தை ஏற்றினால், ஒரு மென்பொருள் தோலின் பரப்பைக் கணக்கிட்டு நொடியில் தூக்கிவிடும். கலையா ஆபாசமா என்று அது கேட்பதில்லை. 2021-இல் வியன்னா நகரச் சுற்றுலாத் துறை, தன் அருங்காட்சியகங்களின் நிர்வாண ஓவியங்களை மற்றத் தளங்கள் ஏற்காததால், பாலியல் படங்களுக்குப் பேர்போன ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கவேண்டி வந்தது. இந்தியாவில் 1995-இல் மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும் ஒரு காலணி விளம்பரத்துக்குப் பாம்பை மட்டும் சுற்றிக்கொண்டு நின்ற படம், எடுத்தவர் பிரபுத்த தாஸ்குப்தா, நீதிமன்றத்தில் 14 ஆண்டுகள் இழுபட்டு 2009-இல்தான் விடுதலையில் முடிந்தது. 2022 ஜூலையில் இந்தி நடிகர் ரன்வீர் சிங்கின் நிர்வாணப் படங்கள் வந்தபோது மும்பையில் வழக்குப் பதிவானது. அதே வாரங்களில் நம் நடிகர் விஷ்ணு விஷாலும் படுக்கையில் போர்வையோடு ஒரு படத்தைப் போட்டார். இரண்டு நாள் பேசிவிட்டு ஊர் அடுத்த செய்திக்குப் போனது. நடிகரின் உடலுக்குக் கிடைக்கும் இந்த இடமும் இந்த மன்னிப்பும், பெயரறியாத ஒருவனின் உடலுக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

பெயர் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். என் மனத்தை அதிகம் அரிப்பது இதுதான். வென்டின் ஆணுடல் படங்கள் இன்று பெரும்பாலும் ‘தலைப்பில்லாதது’ என்றே காட்சிக்கு வருகின்றன. எடுத்தவர் பெயர், ஆண்டு, தாள் வகை, அளவு எல்லாம் இருக்கும். நின்றவன் பெயர் இருக்காது. அவன் எந்த ஊர்? என்ன வேலை செய்தான்? நிற்பதற்குக் காசு வாங்கினானா, நட்புக்காக நின்றானா, மாட்டேன் என்று சொல்லும் நிலையில் இருந்தானா? இந்தப் படம் ஒருநாள் ஆம்ஸ்டர்டாமில் சட்டகத்துக்குள் தொங்கும் என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா?

அழகாகப் பார்க்கும் கண் எப்போதும் நியாயமாகவும் பார்க்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. அதே கொழும்பில், 1929, 1930 ஆண்டுகளில், சிலி நாட்டுத் தூதரகப் பதவியில் வெள்ளவத்தைக் கடலோரம் குடியிருந்தார் கவிஞர் பாப்லோ நெரூதா. வென்ட் அவருக்குப் பழக்கம். வென்டைப் பற்றி நெரூதா தன் நினைவுக் குறிப்புகளில் மிக உயர்வாக எழுதியிருக்கிறார். அதே குறிப்புகளில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தன் வீட்டில் மலம் அள்ள வந்த தமிழ்ப் பெண் ஒருத்தியைத் தென்னிந்தியச் சிற்பத்துக்கு ஒப்பிட்டு வியந்து, ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்றதை, அவள் கண் திறந்தபடி சிலைபோலக் கிடந்ததை, அவரே சொல்கிறார். 1974-இல் அச்சான அந்தப் பக்கம் பல்லாண்டு காலம் பெரிய சலனமின்றிக் கடந்துபோனது. 2018-இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோதுதான் சிலி நாட்டுப் பெண்கள் அதை எடுத்து முன்னே வைத்து எதிர்த்தார்கள். வெள்ளவத்தை இன்று தமிழர் நெருங்கி வாழும் பகுதி. அந்தப் பெண்ணுக்கு அங்கே ஒரு பெயர்ப்பலகை கிடையாது. அவள் பெயரே யாருக்கும் தெரியாது.

வென்டை நெரூதாவோடு சேர்த்துக் கூண்டில் ஏற்றுவது என் எண்ணம் இல்லை. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வென்டின் படங்களில் அவமதிப்பு இல்லை, கேலி இல்லை, ‘வகை’ இல்லை. நிற்பவனின் தசை தளர்ந்திருக்கும் விதத்திலேயே ஒரு நம்பிக்கை தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதியரசரின் மகன். மற்றவரின் தந்தை யாரென்று ஏடுகளில் இல்லை. இந்த இடைவெளியை எந்த ஒளியாலும் நிரப்பமுடியாது. சிற்பத்தைப்போல் பார்க்கப்படுவது ஒரு மரியாதைதான். சிற்பத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இன்று இந்த இடத்தில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. பொறுப்புள்ள புகைப்படக்காரர் யாரும் கையெழுத்தில்லாமல் நிர்வாணப் படம் எடுப்பதில்லை. நிற்பவர் வயது, அடையாள அட்டை, படம் எங்கெல்லாம் பயன்படும், எதற்குப் பயன்படக்கூடாது, கூலி எவ்வளவு என்று ஓர் ஒப்பந்தத் தாள் முன்னால் வருகிறது. முகம் தெரியவேண்டுமா என்பதை நிற்பவரே முடிவு செய்கிறார். எடுக்கும்போது அறையில் வேறு யார் இருக்கலாம் என்பதையும் அவரே சொல்கிறார். சம்மதம் இல்லாத ஓர் உடலைப் படமாக்க இப்போது கேமராவே தேவையில்லாமல் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு யாருடைய முகத்தையும் யாருடைய உடலிலும் ஒட்டிவிடுகிறது. அதனால் அந்த ஒப்பந்தத் தாளின் மதிப்பு கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. சட்டத்தின் பக்கம் நகர்வு மெதுவானது. 365அ பிரிவை 1995-இல் திருத்தியபோது அதை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் பொருந்தும்படி விரித்தார்கள். 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் மசோதா அரசமைப்புக்கு முரணானது அல்ல என்று கூறியது. அதன் பிறகும் பிரிவு உடனே நீங்கிவிடவில்லை. வென்ட் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட சட்டம், அவர் இறந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் உயிரோடு இருந்திருக்கிறது. அவர் படத்தைக் காட்சிக்கு வைப்பதற்கு அஞ்சாத ஊரில், அவரைப்போல் வாழ்வதற்கு அஞ்சவேண்டியிருந்தது.

வென்டின் நெகடிவ்கள் அவர் இறந்தபின் அழிக்கப்பட்டன. இன்று உலகம் பார்ப்பதெல்லாம் அவர் கையால் போட்ட பிரிண்டுகளும், நண்பர்களிடம் தங்கியவையும், 1950 நூலின் பக்கங்களும்தான். கொழும்பின் ஈரக்காற்றில் ஜெலட்டின் தாளில் பூஞ்சை பிடிப்பது எவ்வளவு எளிது என்று பழைய ஆல்பம் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தெரியும். எஞ்சியவை பிழைத்தது ஓவிய நண்பர்களின் அக்கறையால். இப்போதைய படங்களுக்குப் பூஞ்சை பிடிக்காது. ஆனால் கைப்பேசி தண்ணீரில் விழுந்தால், கடவுச்சொல் மறந்தால், தளம் மூடப்பட்டால் பத்தாண்டுப் படங்கள் ஒரே நாளில் போய்விடும். அன்று படங்கள் குறைவு, அவற்றைக் காத்தவர்கள் இருந்தார்கள். இன்று படங்கள் கணக்கில்லை, காப்பது யார் பொறுப்பு என்றே தெரியவில்லை.

ஆய்வாளர்களிடமும் காட்சிக்கூடங்களிடமும் ஒரு கோரிக்கை. வென்டின் படங்களை அடுத்த முறை சுவரில் மாட்டும்போது ‘தலைப்பில்லாதது’ என்பதற்குக் கீழே ‘நின்றவர் பெயர் பதிவாகவில்லை’ என்று ஒரு வரி சேருங்கள், மூன்று மொழியிலும். வாசகர்களிடம் இன்னொன்று. உங்கள் வீட்டில் 1930-கள், 40-களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால், அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயரையும் ஊரையும் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை நாளடைவில் முன்பக்கம் வரை ஊறும்.